பட்டியல், முத்திரை, ரயில் கட்டணம்: சர்வாதிகாரம் இனப்படுகொலைவரை போகும் வழி

குமரி மாவட்டத்தில் கலவரம் என்றாலே ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மண்டைக்காடுதான் நினைவுக்கு வரும். 1982 மார்ச் 1ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் ஆறு பேர் இறந்தார்கள். தொடர்ந்த நாட்களில் கடற்கரையிலும் உள்நாட்டிலும் வீடுகள் எரிந்தன. பிறகு நீதிபதி வேணுகோபால் ஆணையம் அமைந்தது. குன்றக்குடி அடிகளார் வந்து இந்து, கிறிஸ்தவர் இரு தரப்பிடமும் பேசினார். பத்திரிகைகள் எழுதின. எல்லோருக்கும் நியாயம் கிடைத்தது என்று இன்றும் யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் தீ அணைந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் எந்த அடிதடிக்கும் இனப்படுகொலை என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். கலவரத்துக்கும் இனப்படுகொலைக்கும் இடையே இருப்பது செத்தவர் எண்ணிக்கை மட்டும் என்ற எண்ணம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. அது சரியல்ல. இரண்டும் நடக்கும் விதமே வேறு.

சட்டப்படி அளவுகோல், 1948 டிசம்பர் 9ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கைதான். தேசியம், இனம், மரபினம், மதம் ஆகியவற்றால் அடையாளப்படும் ஒரு மக்கள் கூட்டத்தை, அந்தக் கூட்டம் என்பதற்காகவே, முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருக்க வேண்டும். அந்த நோக்கத்தோடு செய்யும் ஐந்து செயல்களை அது சொல்கிறது: கொல்வது, உடலுக்கோ மனதுக்கோ கடும் கேடு செய்வது, அழிந்துபோகும்படியான வாழ்க்கை நிலையில் தள்ளுவது, குழந்தை பிறப்பைத் தடுப்பது, பிள்ளைகளைப் பிடுங்கி வேறு கூட்டத்திடம் ஒப்படைப்பது. அரசியல் எதிரிகளும் பணக்கார வர்க்கமும் இந்த வரையறைக்குள் வரவில்லை. கம்போடியாவில் பொல் பொட் ஆட்சியில் 15 முதல் 20 லட்சம் பேர் செத்தார்கள். குமரி மாவட்டத்தின் மொத்த மக்கள் தொகை 2011 கணக்குப்படி 18.7 லட்சம். அத்தனை சாவு நடந்தும், 2018இல் அங்கே இனப்படுகொலை என்று தீர்ப்பானது வியட்நாமியருக்கும் சாம் முஸ்லிம்களுக்கும் நேர்ந்தது மட்டும்தான். மீதி, மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்ற வேறு தலைப்பில் வந்தது. நோக்கத்தை நிரூபிப்பதுதான் எந்த வழக்கிலும் முட்டிக்கொள்ளும் இடம்.

சரி, வெறுப்பு அதிகமானால் இனப்படுகொலை நடக்குமா? இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரிடம் சிக்கிய இரண்டு சிறிய நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

நெதர்லாந்தில் சுமார் 1,40,000 யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 1,02,000 பேர் கொல்லப்பட்டார்கள், நாலில் மூன்று பங்கு. டச்சு மக்கள் யூத வெறுப்பில் ஊறியவர்கள் என்று நினைத்தால் தப்பு. 1941 பிப்ரவரியில் யூதர்களைத் தெருவில் அடித்து இழுத்துப் போனதைக் கண்டித்து ஆம்ஸ்டர்டாம் நகரமே வேலைநிறுத்தம் செய்தது. டிராம் ஓடவில்லை, துறைமுகம் நின்றது. ஆனால் அதற்கு முன்பே காரியம் காகிதத்தில் முடிந்திருந்தது. 1940 அக்டோபரில் அரசு ஊழியர் ஒவ்வொருவரும் தான் யூதரா இல்லையா என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 1941 ஜனவரியில் யூதர்கள் எல்லோரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஏறத்தாழ எல்லோரும் போய்ப் பதிந்தார்கள். மக்கள் பதிவு அலுவலகத்தின் தலைவர் யாக்கோப் லென்ட்ஸ் நாஜிக் கட்சிக்காரர் அல்ல, தொழிலில் கெட்டிக்காரர். போலி செய்யவே முடியாத அடையாள அட்டை ஒன்றை வடிவமைப்பது அவருடைய கனவு, அதைச் செய்தும் காட்டினார். ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஊழியர்கள் ஒரு வரைபடம் தயாரித்தார்கள். பத்து யூதருக்கு ஒரு புள்ளி. எந்தத் தெருவில் எத்தனை புள்ளி என்று பார்த்தால் எத்தனை வண்டி அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். 1943 மார்ச்சில் எதிர்ப்புக் குழுவினர் ஆம்ஸ்டர்டாம் நகரப் பதிவு அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். அட்டைகளில் ஒரு பகுதிதான் எரிந்தது. அதற்குள் பல்லாயிரம் பேரை ஏற்றி அனுப்பியாகிவிட்டது.

டென்மார்க்கில் கதை வேறு. ஜெர்மன் படை 1940 ஏப்ரலிலேயே நுழைந்துவிட்டாலும் 1943 ஆகஸ்ட்வரை டேனிஷ் அரசாங்கமும் நாடாளுமன்றமும் போலீசும் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்தன. யூதர்களைத் தனியாகப் பதிவு செய்யவோ மஞ்சள் நட்சத்திரம் குத்தவோ அந்த அரசு இணங்கவில்லை. செப்டம்பர் கடைசியில் கைது நாள் குறித்தாயிற்று. ஜெர்மன் தூதரகத்தில் வேலை பார்த்த டக்விட்ஸ் என்ற அதிகாரியே செய்தியைக் கசியவிட்டார். யூதப் புத்தாண்டுக்கு முந்தின நாள் ஜெபக்கூடத்தில் ரபி மெல்கியோர், இன்று ஆராதனை கிடையாது, போய் ஒளிந்துகொள்ளுங்கள் என்று அறிவித்தார். மீன்பிடி படகுகள் ராத்திரியில் ஓரசுண்ட் நீரிணையைக் கடந்து 7,200க்கும் மேற்பட்டவர்களை ஸ்வீடனில் இறக்கின. பிடிபட்டவர்கள் 470 பேர் அளவில்தான். அந்த மீனவர்களைப் புனிதர்களாகச் சித்தரிப்பது வழக்கம். உண்மையில் பலரும் கூலி வாங்கினார்கள், சிலர் நல்ல கூலியே வாங்கினார்கள். படகு பறிபோனால் பிழைப்பு போகும் என்பது குளச்சல்காரருக்கோ முட்டம்காரருக்கோ விளக்க வேண்டிய விஷயமல்ல. காசு கைமாறியும் உயிர் தப்பியது. கரைக்கு அக்கரையில் திறந்த கதவோடு ஒரு நாடு இருந்ததும், கையில் பட்டியல் இல்லாத போலீஸ் இருந்ததும் தனிமனித நல்ல குணத்தைவிட அதிகம் உதவின. நெதர்லாந்தில் ஓடிப்போய் ஏற எல்லையும் இல்லை, ஒளிய மலையும் காடும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆக, வெறுப்பு எரிபொருள்தான். அது எந்த நாட்டிலும் கொஞ்சம் கிடக்கும். அதை வைத்து ஓடும் யந்திரத்துக்கு ஆள் பட்டியல், தனிச் சட்டம், சம்பளம் வாங்கும் ஊழியர், போக்குவரத்து, பங்கு போட சொத்து, இவ்வளவும் வேண்டும். சர்வாதிகாரம் இங்கே செய்யும் முக்கிய வேலை ஒன்று உண்டு. இந்தக் கண்ணிகளில் எதிலாவது உட்கார்ந்து 'இது முடியாது' என்று சொல்லக்கூடிய ஆளை முன்கூட்டியே அப்புறப்படுத்திவிடுகிறது.

ஜெர்மனியில் அது எவ்வளவு வேகமாக நடந்தது என்பதைத் தேதியோடு பார்க்கலாம். 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் பிரதமர். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிகிறது. மறுநாளே அவசர ஆணை: பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, காரணமின்றிக் கைது செய்யப்படாத உரிமை எல்லாம் நிறுத்தம். அந்த ஆணை ஆட்சியின் கடைசி நாள்வரை ரத்தாகவே இல்லை. மார்ச் 23இல் நாடாளுமன்றமே 444க்கு 94 என்ற வாக்கில் சட்டமியற்றும் அதிகாரத்தை அமைச்சரவைக்குக் கொடுத்துவிட்டது. ஏப்ரல் 7இல் அரசுப் பணி 'சீரமைப்பு'ச் சட்டம். யூதர்களும் எதிர்க்கட்சிக்காரர்களும் அலுவலகங்களிலிருந்து வெளியே. பதவியேற்று எழுபது நாள்கூட ஆகவில்லை. கொலை முகாம் என்ற எண்ணமே அப்போது யாரிடமும் கிடையாது. ஆனால் எட்டு வருடம் கழித்து ஒரு கோப்பு மேசைக்கு வந்தபோது அதைத் திருப்பி அனுப்பும் ஆள் எந்த மேசையிலும் இல்லை.

அந்தச் சமயம் ஜெர்மனியில் யூதர்கள் சுமார் 5 லட்சம், மக்கள் தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அக்கம்பக்கத்தாரிடமிருந்து அவர்களைப் பிரித்துக் காட்ட ஒரு வழி தேவைப்பட்டது. 1935 செப்டம்பர் நியூரம்பெர்க் சட்டங்களும் அதன் விதிகளும் அதைக் கொடுத்தன. தாத்தா பாட்டி நால்வரில் மூன்று பேர் யூத மதத்தவர் என்றால் நீ யூதன். இதை எப்படி நிரூபிப்பது? தேவாலயப் பதிவேட்டில்தான். ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டி, தாத்தாவுக்கு முழுக்கு கொடுத்த தேதியை எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள் போதகர்களும் பங்குத்தந்தைகளும். லட்சக்கணக்கான நகல்கள். ஒவ்வொரு நகலும் உண்மையானது, சட்டப்படியானது. நகல் வாங்க முடியாமல் போனவன் யார் என்பது தானாகவே தெரிந்துவிட்டது. நம் ஊரில் பள்ளியில் சேர்க்கவும் கல்யாண ஓலை வாசிக்கவும் அதே மாதிரிப் பதிவேடுதான் புரட்டப்படுகிறது. பதிவேடு குற்றவாளி அல்ல. அதை யார், எதற்காக, யாரிடம் கேட்டு வாங்குகிறார்கள் என்று கேள்வி கேட்கும் நீதிமன்றமும் பத்திரிகையும் இல்லாதபோது அது வேறு பொருளாகிவிடுகிறது. 1938இல் யூத ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும் பெண்கள் 'சாரா' என்றும் பெயரில் ஒட்டுச் சேர்க்க உத்தரவு வந்தது. பாஸ்போர்ட்டில் சிவப்பு 'ஜே' முத்திரை. 1939 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தாத்தா பாட்டியின் மரபை எழுத ஒரு கூடுதல் அட்டை.

பணம் எங்கே போயிற்று என்று பார்க்காமல் இந்த விஷயம் புரியாது. 1941 நவம்பரில் வந்த ஒரு விதி, நாட்டின் எல்லையைத் தாண்டி வசிக்கும் யூதர் குடியுரிமையை இழக்கிறார், சொத்து அரசுக்குச் சேரும் என்றது. எல்லையைத் தாண்டி ரயிலில் ஏற்றி அனுப்பியதும் அதே அரசுதான்! ஏற்றுவதற்கு முன் பெர்லினில் ஒவ்வொருவரும் 16 பக்கச் சொத்துப் படிவம் நிரப்ப வேண்டும், உள்ளாடைவரை கணக்கு. பிறகு வருமான வரி அலுவலகம் வந்து வீட்டைச் சீல் வைக்கும், ஏலம் போடும். அக்கம்பக்கத்தார் நாற்காலியும் மெத்தையும் மலிவாக எடுத்துப் போவார்கள். எடுத்தவர் யாரும் உரிமையாளர் திரும்பி வருவதை விரும்ப மாட்டார். ஜெர்மன் ரயில்வே இதை இலவசமாகச் செய்யவில்லை. ஆளுக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம், கிலோமீட்டருக்கு 4 பெனிக் (ஜெர்மன் சில்லறைக் காசு). பத்து வயதுக்குக் கீழே அரைக் கட்டணம், நாலு வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்கு மேல் என்றால் குழுச் சலுகை, பாதி விலை. கைதிகளுக்கு ஒருவழி, காவலர்களுக்குத் திரும்பி வரவும் சேர்த்து. ஆடுமாடு ஏற்றும் வேகனில் அடைத்த மனிதர்களுக்குப் பயணிகள் கட்டணப் பட்டியலை எடுத்துக் கணக்குப் போட்டு, ரசீது எழுதி, கோப்பில் வைத்த குமாஸ்தா ஒருவர் இருந்திருக்கிறார். அவர் யாரையும் அடித்ததில்லை.

துப்பாக்கி பிடித்தவர்கள்? 1942 ஜூலை 13இல் போலந்தின் யூசெஃபூவ் கிராமத்தில் 101ஆம் ரிசர்வ் போலீஸ் படையிடம் சுமார் 1,500 யூதர்களைச் சுடும் வேலை வந்தது. படையினர் ஹாம்பர்க் பக்கத்து நடுவயதுக்காரர்கள், குடும்பஸ்தர்கள். படைத்தலைவர் கண்ணீரோடு, முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று முதலிலேயே சொன்னார். ஏறக்குறைய 500 பேரில் அந்த நேரம் விலகியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். விலகியவருக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. 'செய்யாவிட்டால் என்னைச் சுட்டிருப்பார்கள்' என்ற பிற்கால வாக்குமூலங்களை இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். பெரும்பாலானவர்களைப் பிடித்து வைத்தது பயத்தைவிடக் கூட்டத்தை விட்டுப் பிரிந்து நிற்கும் கூச்சம்.

ருவாண்டாவில் யந்திரம் ரயிலில் ஓடவில்லை, ஆனாலும் அது நிர்வாகம்தான். பெல்ஜியம் ஆண்ட 1930களிலேயே அடையாள அட்டையில் ஹுட்டு, டுட்சி, ட்வா என்று இனத்தை அச்சடித்துவிட்டார்கள். சுதந்திரம் வந்தும் அந்த வரி நீங்கவில்லை. 1994 ஏப்ரல் 6 இரவு அதிபரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதும் சாலைத் தடுப்புகள் முளைத்தன. அங்கே கேட்டது ஒன்றுதான்: அட்டையைக் காட்டு. நூறு நாளில் 5 முதல் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் சிறுபான்மை டுட்சிகள். 1993 ஜனவரி முதல் 1994 மார்ச் வரை 5,81,000 வெட்டரிவாள்கள் இறக்குமதியானதை மனித உரிமை ஆய்வாளர்கள் உரிமக் கோப்புகளிலிருந்து கணக்கிட்டார்கள். 1993 ஜூலையில் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி பாட்டும் கேலியுமாகக் கேட்போரைப் பிடித்து வைத்துக்கொண்டு, டுட்சிகளைக் கரப்பான்பூச்சி என்றது. ஏப்ரலில் யார் எங்கே ஒளிந்திருக்கிறார், எந்த எண்ணுள்ள காரில் போகிறார் என்றே அறிவித்தது. சனிக்கிழமை பொதுவேலைக்கு ஆள் கூப்பிட்டுப் பழகிய உள்ளூர் அதிகாரிகள் அதே வழக்கத்தில் இதற்கும் கூப்பிட்டார்கள். கொலைக்கு அவர்கள் வைத்த பெயரும் 'வேலை'தான்.

இங்கேதான் பூட்டாரே மாகாணம் முக்கியம். அங்கே ஆட்சியராக இருந்தவர் ழான் பாப்டிஸ்ட் ஹபியாலிமானா, நாட்டிலேயே டுட்சி இனத்து ஆட்சியர் அவர் ஒருவர்தான். மற்ற மாகாணங்கள் எரிந்துகொண்டிருந்த இரண்டு வாரம் பூட்டாரே பெருமளவு அமைதியாக இருந்தது. வானொலி அங்கேயும் கேட்டது, அட்டையும் வெட்டரிவாளும் அங்கேயும் இருந்தன. ஆனால் மேலிருந்து வந்த உத்தரவு அவர் மேசையைத் தாண்டவில்லை. அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஏப்ரல் 19இல் இடைக்கால அதிபரே நேரில் வந்து, 'வேலை' செய்யாதவர்கள் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்ற தொனியில் பேசிவிட்டுப் போனார். அதன் பிறகு நாட்டின் மிகக் கொடிய கொலைகளில் சில அங்கேதான் நடந்தன. ஹபியாலிமானாவும் கொல்லப்பட்டார்.

கம்போடியாவில் இன்னொரு கோளாறு தெரிகிறது. ஹெக்டேருக்கு 3 டன் நெல் என்று மேலிடம் குறி வைத்தது. விளையவில்லை என்று எழுதினால் சதிகாரன் பட்டம், பிறகு துவோல் ஸ்லெங் சிறை. அதனால் கீழே இருந்தவர்கள் விளைந்ததாக எழுதினார்கள். இருந்த நெல்லையும் லாரி வந்து அள்ளிப் போனது. கெட்ட செய்தி மேலே போக முடியாத ஆட்சியில் பஞ்சம்கூட ஆவணத்தில் அமோக விளைச்சலாகத்தான் இருக்கும்.

போர் எல்லா இடத்திலும் திரைச்சீலை. ஆர்மீனியர்களை ஒட்டோமான் அரசு நாடுகடத்தத் தொடங்கியது முதல் உலகப் போர் நடுவே, 1915இல். யூதர்கள் மீதான நாஜிகளின் கூட்டக்கொலை சோவியத் மீதான படையெடுப்போடு 1941இல் தொடங்கியது. போர்க் காலத்தில் எதையும் 'பாதுகாப்பு' என்ற ஒரே தலைப்பில் அடக்கலாம், பத்திரிகையாளரை ஊருக்கு வெளியே நிறுத்தலாம், வெளிநாட்டாரும் 'இரு பக்கமும் சண்டை' என்று சொல்லி நழுவலாம். ருவாண்டாவில் சுமார் 2,500 பேர் இருந்த ஐ.நா. படையை, கொலை உச்சத்தில் இருந்த ஏப்ரல் 21ஆம் தேதி 270 ஆகக் குறைக்கப் பாதுகாப்பு சபை முடிவெடுத்தது.

ஈழத்தை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்பது இங்கே எப்போதும் எழும் கேள்வி. இனப்படுகொலை என்று சர்வதேச நீதிமன்றம் எதுவும் இன்றுவரை தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் மேலே சொன்ன கருவிகளில் பல அங்கே தென்படுவதைப் பார்க்க நீதிமன்றம் தேவையில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பான்மையை ஒரே அடியில் நாடற்றவர்களாக்கியது. அதன் நீட்சியான 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி கப்பலேறி வந்தவர்களில் ஒரு பகுதிதான் இன்று கீரிப்பாறை, மணலோடைப் பக்கம் அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் குடும்பங்கள். 1982 டிசம்பரில் ஜெயவர்தன தேர்தல் நடத்தாமல் வாக்கெடுப்பு ஒன்றை வைத்து நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டிக்கொண்டார். ஆளும் கட்சி உறுப்பினர்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதம் முன்பே வாங்கி வைத்திருந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் கொழும்பில் தமிழரைத் தாக்க வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்களையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியிலிருந்து வெளியேறச் சொன்னார்கள். 2009 தொடக்கத்தில், உள்ளே இருப்பது 70,000 பேர்தான் என்றது அரசு. உணவும் மருந்தும் அந்தக் கணக்குக்கே போயின. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் 2,80,000க்கு மேல். ஆளைப் பட்டியலில் ஏற்றுவதால் மட்டுமல்ல, பட்டியலிலிருந்து குறைப்பதாலும் கொல்ல முடியும். அந்தக் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. பெருமாள்புரம், பழவிளை இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்பவர்களிடம் பேசினால் எண்ணிக்கையைவிட, எண்ணுவதற்கு ஆள் இல்லாமல் போனதைத்தான் அதிகம் சொல்வார்கள்.

எண்ணுவதற்கு அரசுக்கு வெளியே ஆள் இருப்பது சின்ன விஷயம் அல்ல. 2017 ஒக்கி புயலின்போது காணாமல் போனவர்கள் எத்தனை என்று அரசு சொன்ன எண்ணும் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை கத்தோலிக்கப் பங்குகளில் (தேவாலயச் சபைகளில்) படகு படகாகப் பெயர் எழுதிச் சொன்ன எண்ணும் வாரக்கணக்கில் ஒத்துப்போகவில்லை. பங்கின் பட்டியல் இருந்ததால் அரசு தன் எண்ணைத் திருத்த வேண்டியிருந்தது. அது பேரிடர், இனப்படுகொலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சர்வாதிகாரம் முதலில் மூடும் கடை எது என்று கேட்டால் இப்படிச் சொந்தமாக எண்ணும் அமைப்புகளைத்தான் காட்ட வேண்டும்: தொழிற்சங்கம், பங்குப்பேரவை, ஜமாஅத், ஊர் கமிட்டி, வழக்கறிஞர் சங்கம்.

தடை போட்டால் நிற்குமா? சில சமயம். ஜெர்மனியில் மாற்றுத்திறனாளிகளையும் மனநோயாளிகளையும் விஷவாயு வைத்துக் கொன்ற டி4 திட்டத்தை முன்ஸ்டர் ஆயர் ஃபான் காலென் 1941 ஆகஸ்ட் 3இல் பிரசங்க மேடையிலேயே கொலை என்றார். பிரசங்கம் நகலெடுக்கப்பட்டு நாடெங்கும் போனது. மூன்று வாரத்தில் ஹிட்லர் திட்டத்தை நிறுத்தச் சொன்னார். அதற்குள் 70,000 பேர் செத்திருந்தார்கள், பிறகும் ஊசியாலும் பட்டினியாலும் மறைவாகக் கொலை தொடர்ந்தது. வேலையில்லாமல் போன அந்தத் திட்டத்து ஆட்கள் போலந்து போய் ட்ரெப்ளிங்கா, சோபிபோர் கொலை முகாம்களைக் கட்டினார்கள். யூதர்களுக்காக அதே மேடையிலிருந்து அப்படி ஒரு பிரசங்கம் வரவில்லை. ஹங்கேரியில் 1944 மே 15 முதல் ஜூலை 9 வரை 147 ரயில்களில் சுமார் 4,37,000 பேரை ஏற்றி அனுப்பினார்கள். அதை நடத்த வந்த நாஜி அதிகாரி ஐக்மனின் குழு இருநூறு பேருக்கு மேல் இல்லை. பிடித்து ஏற்றியது ஹங்கேரியின் சொந்த ஜெண்டார்ம் (கிராமப்புறக் காவல்) படை. வெளிநாட்டு எச்சரிக்கைகளும் புடாபெஸ்ட் மீதான குண்டுவீச்சும் சேர்ந்து நெருக்கியபோது, ஜூலை 7இல் ஆட்சித் தலைவர் ஹோர்த்தி நிறுத்த உத்தரவிட்டார். ரயில் நின்றது, தலைநகர யூதர்கள் அப்போதைக்குத் தப்பினார்கள். அதே கையெழுத்தை மே மாதம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் அவரை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தியா 1948 உடன்படிக்கையில் கையெழுத்திட்டு 1959இல் உறுதியும் செய்தது. உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவு, ஒவ்வொரு நாடும் இதற்கு உள்நாட்டுச் சட்டம் இயற்ற வேண்டும் என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் அப்படிப் பிரிவு இல்லை, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இல்லை. 1984 சீக்கியர் படுகொலை தொடர்பான முன்னாள் காங்கிரஸ் எம்.பி. சஜ்ஜன் குமார் வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் 2018 டிசம்பர் 17 தீர்ப்பில் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டி, அவசரமாக அடைக்க வேண்டும் என்றது. தண்டனை கொலைச் சதிக்கான சாதாரணப் பிரிவுகளின்படிதான் கொடுக்க முடிந்தது, சம்பவம் நடந்து 34 வருடம் கழித்து.